மாதாவின் மேல் பொறாமை

ஜனவரி 9

என் பூனைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உன்னைப் பார்த்துக்கொள்ள மேலே ஓர் ஆள் இருக்கிறார் என்று அம்மா தினமும் எனக்கு நினைவுபடுத்துகிறாள். மடத்தில் உன்னை எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடட்டும். எனக்கு நீ பூனைதான். சத்தமில்லாமல் வந்து என் தட்டில் இருப்பதை எடுத்துத் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது தடவையும் தங்கவில்லை. ஊசி போட்டு, முட்டையை வெளியே எடுத்து, உன் அத்தானின் அணுவோடு கண்ணாடித் தட்டில் சேர்த்து, திரும்ப உள்ளே வைத்தார்கள். பதினான்கு நாள் தும்மக்கூடப் பயந்து கிடந்தேன். பதினைந்தாம் நாள் எல்லாம் முடிந்தது. எட்டு வருஷ ஓட்டம் இது. "இனிமே வேண்டாம்மா, உங்க உடம்பு தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உன் அத்தான் எங்கேயோ பாதியில் நின்ற லிஃப்டை இறக்கிவிட்டு ஓடி வந்தார். கையில் இருந்த ஸ்பானரைக்கூடக் கீழே வைக்காமல், "விடு, நமக்கு நாமதான்" என்றார். நல்ல மனுஷர். அவரை அடிக்கலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பக்கச் சுவரில் அந்தப் படம் இருக்கிறதே, தேவதூதர் மண்டியிட்டிருப்பார், மாதா புத்தகத்தை மூடாமல் திடுக்கிட்டுப் பார்ப்பாள், அதற்கு நேராக இடம் கிடைத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! அவள் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொள்ளவில்லை. காத்திருக்கவில்லை. கல்யாணம்கூட ஆகவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளைத் தேடிவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அவள் மேல் பொறாமை. பக்கத்து வீட்டுக்காரி மேல் வருமே, அதே சாதாரணப் பொறாமை.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுக்கிற சதையெல்லாம் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறது. அதைத் திறந்து, துண்டு போட்டு, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் ஒட்டுகிறவள் நான். பதினாறு வருஷத்தில் ஒரு மச்சத்துக்குக்கூடப் பார்க்காமல் பேர் சொன்னதில்லை. அதனால் கேட்கிறேன். ஆண் தொடாமல் ஒரு பெண் பிள்ளை பெற்றாள் என்பதை நீ உண்மையிலேயே நம்புகிறாயா, இல்லை அங்கே எல்லோரும் தலையாட்டுவதால் நீயும் ஆட்டுகிறாயா?

எனக்காக வேண்டிக்கொள்ளாதே. உன் சிபாரிசில் எனக்குக் குழந்தை வேண்டாம்.

உன் அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அப்பம் சுடும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு தட்டு கருகிவிட்டது. அழுததால் இல்லை, சிரித்ததால். மாதா மேல் பொறாமைப்படுகிற ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். அப்புறம் கடைசி வரியைப் படித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

இங்கே என் வேலை இதுதான். மாவும் தண்ணீரும் மட்டும், உப்புகூடக் கிடையாது. இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஒரு கரண்டி ஊற்றி அழுத்தினால் காகிதம் மாதிரி ஒரு அப்பம் வரும். உடனே வெட்டினால் நொறுங்கிவிடும். ஈர அறையில் ஒரு ராத்திரி வைத்து, பதமானதும் வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். சுற்றியுள்ள கோயில்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் போகிறது. பூசையில் அது ஆண்டவரின் உடலாகிறது என்று நம்புகிறேன். மாவு பிசைவது நான்தான், அதில் வேறெதுவும் இல்லை என்று எனக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் நம்புகிறேன். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

மாதாவுக்கு ஒன்றும் சும்மா கிடைக்கவில்லை, அக்கா. ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பார். நிச்சயம் செய்திருந்த தச்சர் அவளைச் சத்தமில்லாமல் விட்டுவிடத்தான் முதலில் நினைத்தார். சொன்னது உண்மை, நம்ப ஒருத்தரும் இல்லை. அந்த நாட்களில் அவள் எப்படித் தூங்கினாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகஸ்டில் எனக்கு நிரந்தர வார்த்தைப்பாடு, சாகும்வரை கன்னியாகவே இருப்பேன் என்கிற சத்தியம். அதன் பிறகு வீட்டுக்குத் திரும்புகிற பேச்சே இல்லை. அதற்கு ஆயத்தமாக அடுத்த மாதத்திலிருந்து நாற்பது நாள் ஒரு வேளைச் சாப்பாடு. அம்மாவிடம் சொல்லாதே.

நீ வேண்டாம் என்றாலும் வேண்டிக்கொள்வேன். அதைத் தடுக்க உனக்கு அதிகாரம் இல்லை.

அன்புடன்,
பூனை


பிப்ரவரி 11

பூனைக்கு,

உனக்கு ஒரு செய்தி. பல்லியில் ஓர் இனம் இருக்கிறது, அதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண். முட்டை தானாகவே குஞ்சாகிறது. தாயும் மகளும் பேத்தியுமாகக் குடும்பம் நடத்துகின்றன. இதை மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னேன். உன் அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்போ எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். லிஃப்ட் ரிப்பேர் என்றேன்.

பல்லிக்கு நடக்கும், மனுஷிக்கு நடக்காது. அப்படியே நடந்தாலும் பிறப்பது பெண்ணாகத்தான் இருக்கும். பையனாக்குகிற சரக்கு அம்மாவிடம் கிடையாது, அது அப்பாவிடமிருந்துதான் வர வேண்டும். உன் மாதாவுக்குப் பிறந்தது பையன். இதற்கு மடத்துத் தலைவி, உங்கள் மதர், என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.

அம்மா இந்த வாரம் மூன்று பேரிடம் உன்னைப் பற்றிப் பேசினாள். மூன்று தடவையும் நான் பக்கத்தில்தான் நின்றேன். "சின்னவ ஆண்டவருக்குன்னு போயிட்டா" என்கிறாள், முகமெல்லாம் வெளிச்சம். "பெரியவளுக்கு?" என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். நீ பிள்ளை வேண்டாம் என்று சொன்னாய், அது புண்ணியம். நான் வேண்டும் என்று சொல்லிக் கிடைக்கவில்லை, அது துக்க வீடு. இரண்டு பேர் இடுப்பிலும் பிள்ளை இல்லை, ஆனால் மரியாதை உனக்குத்தான். இது என்ன நியாயம்?

ஒழுங்காகச் சாப்பிடு. நாற்பது நாள் பட்டினி கிடந்தால் ஆண்டவர் உன்னை என்னைவிட அதிகமாக நேசித்துவிடப் போவதில்லை, அவருக்கு ஏற்கெனவே நீதான் செல்லம்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. எழுதத் தெரியவில்லை.

உபவாசம் முடிந்தது. முகமும் கையும் ஒட்டிப்போய்விட்டன. ஆனால் வயிறு மட்டும் பெரிதாகிறது. முதலில் காற்று என்று நினைத்தேன். அங்கியின் இடுப்பை ஒரு தடவை பிரித்துத் தைத்தேன், போன வாரம் மறுபடியும் பிரித்தேன். இரண்டு மாதமாகத் தூரம் வரவில்லை. காலையில் தட்டின் சூட்டில் நின்றால் குமட்டுகிறது. சில சமயம் வலது பக்கம் ஏதோ புரளுகிறது. கையை வைத்தால் அங்கே கெட்டியாக, உருண்டையாக இருக்கிறது.

நீ சிரிக்காமல் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். என்னை யாரும் தொட்டதில்லை. ஒரு நாளும், ஒரு நிமிஷமும். நான் தூங்குவது ஆறு பேர் படுக்கிற அறையில். வெளியே போவது மாதத்தில் ஒரு நாள், அதுவும் இரண்டு பேராக. எனக்கு மறந்துபோகக்கூடிய விஷயமும் இல்லை இது.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், பயம் பாதிதான். மீதிப் பாதி என்ன என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கையை வைத்துக்கொண்டு படுக்கும்போது நான் தனியாக இல்லை என்று தோன்றுகிறது.

மதரிடம் இன்னும் சொல்லவில்லை. உடம்பைப் பற்றி உனக்குத் தெரியும். இது என்ன என்று சொல்.

பூனை


ஏப்ரல் 8

அடியே,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஆய்வகத்தில் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று.

இது என்ன என்று கேட்கிறாய். குமட்டல், தூரம் நின்றது, வயிறு, உள்ளே புரளுவது. தெருவில் போகிற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்வாள். உனக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் என் வாயால் சொல்ல வைக்கிறாய்.

யார் அவன்? மாவு மூட்டை இறக்குகிற லாரிக்காரனா? கூரை ஒட்டுப்போட வந்தவனா? பூசை வைக்க வருகிற சாமியாரா? யாராக இருந்தாலும் நான் உன்னைத் திட்டமாட்டேன். ஆனால் தயவுசெய்து என்னிடம் தேவதூதர் கதை சொல்லாதே. நான் எட்டு வருஷம் இதற்காக என்னென்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். எத்தனை தடவை காலை விரித்துப் படுத்துக்கொண்டு கூரையில் இருக்கிற புள்ளிகளை எண்ணினேன் தெரியுமா? நீ வேண்டவே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனவள். உனக்கு வந்து நிற்கிறது. என் தட்டிலிருந்து மறுபடியும் எடுத்துவிட்டாய் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத்தான் உன் உடம்பைப் பற்றி நினைத்தேன். இதை ஒளிக்கப் போவதில்லை.

இனி நான் சொல்வதை நிதானமாகக் கேள். நீ இங்கே வந்துவிடு. எங்கள் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. பெற்றுக் கொடுத்துவிட்டு நீ மடத்துக்கே திரும்பிப் போ, ஆகஸ்டோ அடுத்த ஆகஸ்டோ வார்த்தைப்பாடு கொடு, யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். குழந்தை என் குழந்தையாக வளரும். உன் மானம் காப்பாற்றப்படும், என் மடி நிறையும். அம்மாவுக்கும் இரண்டு பெண்களையும் பற்றிப் பெருமையாகப் பேச ஆளுக்கொரு விஷயம் கிடைக்கும்.

உன் அத்தானிடம் சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். அப்புறம், "மொதல்ல அந்தப் பொண்ணுக்கு உடம்புக்கு என்னன்னு ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. அப்புறம் மத்ததைப் பாக்கலாம்" என்றார். அவருக்கு இதிலெல்லாம் என்ன தெரியும்?

உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

யாரும் இல்லை. லாரிக்காரருக்கு அறுபது வயது, என்னை "பாப்பா" என்று கூப்பிடுவார். அவரை இதில் இழுத்ததற்கு நீ வெட்கப்பட வேண்டும்.

நீ சொன்ன வார்த்தையை நான் என் வாயால் சொன்னதில்லை. நீதான் முதலில் சொன்னாய். படித்ததும் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அழவில்லை. ஈர அறையில் போய் உட்கார்ந்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு "சரி" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் மண்டியிட்டு, வேண்டி, பாடி எனக்குக் கிடைக்காத ஒரு நிம்மதி அப்போது கிடைத்தது. எனக்குப் பைத்தியம் என்று நீ நினைப்பாய். உனக்குத் தெரிந்த அறிவியல் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாரும் தொடவில்லை, ஆனாலும் இது இருக்கிறது.

உன் வீட்டுக்கு வருவதைப் பற்றி. வரமாட்டேன், அக்கா. உனக்குக் கொடுக்கவும் மாட்டேன். உன் எட்டு வருஷமும் எனக்குத் தெரியும். ஆனால் இது நான் கேட்காமலே என் கைக்கு வந்தது. வந்ததைத் தூக்கி இன்னொருவர் கையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மடத்திலிருந்து அனுப்பினால் எங்காவது போய் மாவு பிசைந்து பிழைத்துக்கொள்வேன்.

என் மேல் கோபப்படு. ஆனால் நம்பு. ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும்.

பூனை


ஏப்ரல் 26

சிஸ்டர் அவர்களுக்கு,

கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம்.

உங்கள் மதருக்கு இன்று காலை ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். என் தங்கை கர்ப்பமாக இருக்கிறாள், மூன்று மாதம் கடந்திருக்கும், அவளுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறியிருக்கிறது, தெய்வீகம் என்று பேசுகிறாள், விஷயம் வெளியே போகாமல் அவளை என்னிடம் ஒப்படைத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். ஒரு பொய்யும் எழுதவில்லை. ஆய்வகத்தில் எனக்கு இருக்கிற வேலையையும் குறிப்பிட்டிருக்கிறேன், நம்புவதற்காக.

மாவு பிசைந்து பிழைத்துக்கொள்வாளாம். பெற்ற பிள்ளையை எதில் படுக்க வைப்பாய், இரும்புத் தட்டிலா?

நீ நாளைக்கு என்னைச் சபிப்பாய், பத்து வருஷம் கழித்து நன்றி சொல்வாய்.

இப்படிக்கு,
எவ்வளவு கேட்டும் ஒன்றும் கிடைக்காத உன் அக்கா


மே 9

அக்காவுக்கு,

மதர் என்னைக் கூப்பிட்டு உன் கடிதத்தை மேஜை மேல் வைத்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, "உங்க அக்கா படிச்சவங்க, இந்தத் துறையிலேயே இருக்கறவங்க. அவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

என்னை மாடியில் ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். திட்டவில்லை, அடிக்கவில்லை, மூன்று வேளையும் சாப்பாடு வருகிறது. கொண்டுவருகிற சகோதரி தட்டை வாசலில் வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்க்காமல் திரும்பிப் போகிறாள். அப்ப அறைக்கு இனி நான் போகக் கூடாது. என் கை பட்டதை எப்படிப் பூசைக்கு அனுப்புவது என்று யாரோ கேட்டார்களாம். வார்த்தைப்பாட்டுப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

நீ வந்து அழைத்துப் போவாய் என்று மதர் சொன்னார். டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கேட்டேன். உள்ளூர் டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், உன் அக்கா வந்து அழைத்துப் போகட்டும் என்கிறார். நான்கு நாளாக வலது பக்கம் வலி. வந்து வந்து போகிறது. நேற்று வலியில் வாந்தி வந்தது. நீ உடனே வருவதானால் வா. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உன் தங்கை


மே 13

பூனைக்கு,

வருகிறேன். 25ஆம் தேதி காலை வண்டியில் வந்து இறங்குவேன். ஆறு மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது கையெழுத்தாகிக் கைக்கு வர வேண்டும். பின்னறையை ஒழித்து வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். தெருவில் நாலு பேரிடம் எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று இப்போதே சொல்லி வைத்தால்தான் பிறகு கேள்வி வராது. இதையெல்லாம் ஒழுங்கு செய்யாமல் எப்படிக் கிளம்புவது?

வலியைப் பற்றிக் கவலைப்படாதே. வயிறு விரியும்போது பக்கவாட்டில் இழுக்கும். எல்லாப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் வருவதுதான். இடது பக்கம் திரும்பிப் படு, தண்ணீர் நிறையக் குடி. பன்னிரண்டு நாள்தான், பொறுத்துக்கொள். என் குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 3

பூனைக்கு,

18ஆம் தேதி ராத்திரி உன்னைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள் என்று தந்தி போல ஒரு போன் வந்தது. மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தேன். வராந்தாவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "அவங்க உங்களைப் பாக்க விரும்பலை" என்று நர்ஸ் மூன்று தடவை வந்து சொன்னாள், மூன்றாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். திரும்பி வந்துவிட்டேன். அறுவை செய்தவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், "கட்டி". நான் அதை நம்பவில்லை. மடத்துக்காக மூடி மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போதும் எனக்கு அந்தப் புத்திதான் இருந்தது.

திங்கட்கிழமை எங்கள் ஆய்வகத்துக்குப் பெட்டி வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் பரிசோதனை வசதி கிடையாது, எங்களுக்குத்தான் அனுப்புகிறார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இரண்டு ஜாடிகள். மேலே உன் பெயர், வயது இருபத்தேழு, விலாசம் கன்னியர் மடம். சொந்தக்காரருடையது என்றால் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. நான் கொடுக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு நானே திறந்தேன்.

வலது பக்கச் சினைப்பையில் இருந்த கட்டி ஒரு தேங்காய் அளவு இருந்தது. காம்பு முறுக்கிக்கொண்டு கறுத்துப்போயிருந்தது. உனக்கு வந்த வலி அதுதான். வெட்டினேன். உள்ளே வெண்ணெய் மாதிரிக் கொழுப்பு, அதற்குள் முடி. ஒரு கைப்பிடி முடி, பூனை. கழுவினேன். சுருட்டை முடி, அம்மாவுக்கு இருப்பது போல. சுவரின் ஓரத்தில் ஒரு பல் இருந்தது. முழுசான கடைவாய்ப் பல், வெள்ளையாக, ஈறோடு. இடது பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, அதில் முடி மட்டும்.

இது என்ன என்று நீ ஏப்ரலில் கேட்டாய். இப்போது சொல்கிறேன். பெண்ணின் கருமுட்டை சில சமயம் யாருக்காகவும் காத்திருக்காமல் தானாகவே கிளம்பிவிடும். ஆண் இல்லாமலே பிரியும், வளரும், தோல் செய்யும், முடி செய்யும், பல் செய்யும். ஆனால் ஆள் ஆகாது. அப்பாவிடமிருந்து வருகிற பாதியில் சில இடங்கள் பூட்டியிருக்கும், அம்மாவிடமிருந்து வருகிற பாதியில் வேறு சில இடங்கள் பூட்டியிருக்கும். ஒன்று பூட்டியதை மற்றது திறக்கும். அம்மாவின் பங்கு மட்டும் இருந்தால் சில கதவுகள் கடைசிவரை திறக்காது. கை எங்கே, முகம் எங்கே என்று தெரியாமல் அங்கங்கே ஒரு துண்டாக நின்றுவிடும். தூரம் நின்றது நீ பட்டினி கிடந்ததால். குமட்டியதும் புரண்டதும் கட்டி குடலை நெருக்கியதால்.

ஆக, யாரும் தொடவில்லை. நீ எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. மதருக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன், பெரிய டாக்டரின் அறிக்கையையும் வைத்து, என் புத்தியையும் அப்படியே எழுதி.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய். முதலாவது, கர்ப்பம் பார்க்கிற ஒரு சின்னப் பரிசோதனைக் குச்சி போதும், இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். என் அலமாரியில் அதில் ஒரு பெட்டியே கிடந்தது. உனக்கு ஒன்றை அனுப்ப ஏப்ரலில் எடுத்தேன், திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். இல்லை என்று வந்துவிடுமோ என்று பயம். எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். உனக்கு உடம்பு சரியில்லாமல் இருப்பதைவிட நீ தப்பு செய்தவளாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. நான் அந்தப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் முறுக்கிக்கொள்வதற்கு முன் எடுத்திருக்கலாம், இரண்டு சினைப்பையையும் எடுக்காமல் ஒரு பக்கத்தையாவது காப்பாற்றியிருக்கலாம். இருபத்தேழு வயதில் உன் உடம்பு ஐம்பது வயதுக்காரியின் உடம்பாகிவிட்டது. அது என்னால்.

இரண்டாவது. அந்தப் பல்லைப் பார்த்தபோது நான் அழுதேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்புறம்தான் அழுதேன். முதலில் பொறாமைப்பட்டேன். யார் துணையும் இல்லாமல் உன் உடம்பு ஒரு பல்லைச் செய்திருக்கிறது. இத்தனை வைத்தியத்துக்கும் என் உடம்பு ஒரு நகம்கூடச் செய்யவில்லை.

மிச்சத்தை ஒரு மாதம் வைத்திருப்போம், பிறகு எரித்துவிடுவார்கள். வேண்டும் என்று நீ எழுதிக் கேட்டால் தருவார்கள்.

மன்னிப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதில் மட்டும் போடு.

அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

உன் கடிதம் ஜூன் ஏழாம் தேதியே வந்தது. அன்றைக்கே படித்தேன். பதில் போடாததற்கு உடம்பு காரணம் இல்லை. தையல் ஆறிவிட்டது. திடீர் திடீரென்று முகம் கொதிக்கிறது, அங்கி நனைகிறது, பிறகு குளிர்கிறது. வயதான சகோதரிகள் விசிறி கொடுத்து, "எங்க ஆளாயிட்டியே" என்று கேலி செய்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரிக்கிறேன்.

மதர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். திரும்ப அப்ப அறையில்தான் இருக்கிறேன். வார்த்தைப்பாட்டுப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் இருபதாம் தேதி.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். மதருக்கு நீ போட்ட கடிதத்தை மன்னித்துவிட்டேன். பன்னிரண்டு நாளையும் மன்னித்துவிட்டேன். அலமாரியில் இருந்த குச்சிக்குக் கொஞ்சம் நாள் ஆயிற்று, அதையும் மன்னித்தேன். இது என் வேலை, தினமும் பழகுகிறேன், அதனால் என்னைப் பெரிதாக நினைக்காதே. உன்னைப் போல நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். அது குழந்தையாக இருந்திருந்தால், நீ காலில் விழுந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒரு மாதத்துக்குள் கேட்டால் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். தினமும் எழுத உட்கார்ந்தேன். வாங்கி என்ன செய்வது? தோட்டத்தில் புதைத்தால் என்ன சொல்லிச் செபிப்பது? யாருக்காக? கட்டிக்குச் செபம் கிடையாது. அது கட்டிதான், நீ விளக்கியது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளி மாதம் முடிந்துவிட்டது. இந்நேரம் எரித்திருப்பீர்கள்.

ஆனால் அக்கா, இரண்டு மாதம் நான் அதோடு பேசினேன். காலையில் எழுந்ததும் முதல் வார்த்தை அதனிடம்தான். எப்படி இருக்கும், யார் ஜாடை என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் கண் விழித்தபோது அது இல்லை, ஜாடியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். நீ திறந்தாய். நீ அந்த முடியைக் கழுவினாய். அம்மாவின் சுருட்டை என்று கண்டுபிடித்தது நீ. பல் வெள்ளையாக இருந்தது என்று உனக்குத்தான் தெரியும். பெற்றவள் பார்க்க வேண்டியதையெல்லாம் நீ பார்த்துவிட்டாய். உன் மற்ற எல்லாக் குற்றத்தையும் செபத்தில் கரைக்க முடிகிறது. இதை முடியவில்லை. மண்டியிட்டால் உன் கை தண்ணீரில் அந்த முடியை அலசுவதுதான் தெரிகிறது. எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது. இப்படி ஒரு பொறாமை எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இத்தனை வருஷம் நீ இதை வைத்துக்கொண்டா பல் துலக்கி, சமைத்து, வேலைக்குப் போய் வந்தாய்?

வார்த்தைப்பாட்டுக்கு அம்மாவும் அத்தானும் வரட்டும். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல், டாக்டரிடம் காட்டச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நீ வராதே. வந்தால் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், அக்கா. பூசை முடிகிறவரை உன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் தங்கை